உடனடிக் காரணம்

வேண்டாம் அண்ணாச்சி, நீங்க சாப்பிடுங்க. முறுக்கு பிடிக்காதுன்னு இல்ல. ரத்தம் குடுக்கப் போறேன். வெறும் வயித்தோட வரணுமா, சாப்பிட்டுட்டு வரணுமான்னு போன்ல பேசினவர் சொல்லல, நானும் கேக்க மறந்துட்டேன். எதுக்கு வம்புன்னு காபி கூடக் குடிக்காம சங்கரன்கோவில்ல பஸ் ஏறிட்டேன். மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறேன்.

இல்ல இல்ல, யாருக்கும் ஏத்துததுக்கு இல்ல. இந்த வயசுல என் ரத்தத்தை யாரு கேக்கப் போறா. சின்னக் குப்பியில கொஞ்சம் எடுப்பாங்களாம். டெல்லியில ஒரு பொட்டி வந்து இறங்கியிருக்கு. வெளிநாட்டுல ஒரு சண்டை நடக்குல்லா, அங்கருந்து. பொட்டி மேல என் பையன் பேரை ஒட்டியிருக்காங்க. உள்ள இருக்கது அவன்தானான்னு முகத்தைப் பாத்துச் சொல்லுத நிலைமையில இல்லியாம். அதனால என் ரத்தத்தோட ஒத்துப் பாக்கணும்னாங்க. ஒத்துப்போச்சுன்னா அது எங்க செழியன். ஒத்துப்போகலன்னா வேற யாரோ பெத்த பிள்ளை.

பாவம், நீங்க முறுக்கைக் கீழ வெச்சுட்டீங்க. சாப்பிடுங்க அண்ணாச்சி. நான் சும்மா பேசிக்கிட்டே வாறேன்.

அவுக அம்மாவும் ரத்தம் குடுக்கணும்னுதான் சொன்னாங்க. என் வீட்டுக்காரி கோமதி வரமாட்டேன்னுட்டா. "அது என் பிள்ளை இல்ல, நான் எதுக்குக் குடுக்கணும்"னு கேட்டா. போன்ல பேசின ஆபீசர்கிட்ட இதைச் சொன்னேன். சரி, இப்போதைக்கு நீங்க மட்டும் வாங்கன்னாரு அவரு. நல்ல மனுசன்.

எந்த நாடுன்னு மட்டும் கேக்காதீங்க. பேரைச் சொன்னா மேப்பு கண்ணுக்குள்ள வந்துருது. அந்த மேப்பைக் கண்ணை மூடிக்கிட்டு வரைவேன் நான். சரித்திர வாத்தியாரு. பால்வண்ணன் சார்னா எங்க பக்கத்துல தெரியாதவங்க கிடையாது. தாசில்தாரா இருக்கவன் கூட என்னய ரோட்டுல பாத்தா வண்டியை நிப்பாட்டி, "சார், முதல் உலகப்போருக்கான காரணங்கள் இன்னும் மறக்கல சார்"ம்பான்.

அப்படி நடத்துவேன் அதை. பத்தாம் வகுப்புல வருசம் தவறாம வாற கேள்வி. முதல்ல அரசியல் காரணங்கள். நாடுகள்லாம் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கி. ஒருத்தன் மேல கை வெச்சா அவன் கூட்டாளிக அத்தனை பேரும் வரணும், அப்படி ஒப்பந்தம். பாதி ஒப்பந்தம் ரகசியம். யாரு யாருக்குச் சொந்தம்னு கூடத் தெரியாது. அதுக்கு மேல கௌரவம். எங்க கொடிதான் ஒசத்தின்னு ஒவ்வொருத்தனுக்கும். அடுத்தது பொருளாதாரக் காரணங்கள். ஆலையில சரக்கு குமிஞ்சு கிடக்கு, விக்கச் சந்தை வேணும். ஆலைக்குப் பருத்தி வேணும், எண்ணெய் வேணும், ரப்பர் வேணும். அதெல்லாம் விளையுத பூமி ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் கிடக்கு. முந்தி வந்தவங்க பந்தியில உக்காந்துட்டாங்க. பிந்தி வந்த ஜெர்மனிக்கு இலை போட இடம் இல்ல. உக்காந்தவன் எந்திரிக்க மாட்டேங்கான், நிக்கவன் போக மாட்டேங்கான். இவன் ஒரு கப்பல் கட்டினா அவன் ரெண்டு கட்டுதான். இப்படியே எத்தனை வருசம் போகும், சொல்லுங்க.

கடைசியில ஒருத்தன் அந்த இளவரசனைச் சுட்டு சண்டை ஆரம்பிச்சதுல்லா, பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். கதை மாதிரி இருக்கும். எடுத்த எடுப்புல அதைத்தான் எழுதுவானுக. நான் விடமாட்டேன். எலே, அது உடனடிக் காரணம், அதைக் கடைசியில எழுது, அந்தக் குண்டு வெடிக்கலன்னா வேற ஒண்ணு வெடிச்சிருக்கும், அடிப்படைக் காரணத்தை விட்டுட்டு உடனடிக் காரணத்தை எழுதினவனுக்கு என்கிட்ட மார்க்கு கிடையாதும்பேன். நம்ம ஆளுகளும் பத்து லட்சத்துக்கு மேல அந்தச் சண்டைக்குப் போனாங்க அண்ணாச்சி. வெள்ளைக்காரன் சண்டைக்கு, சம்பளத்துக்கு. யாரு கூட யாருக்குச் சண்டைன்னு தெரியாமலே பாதிப் பேரு போனான். அதை நான் மணி அடிக்கதுக்கு முன்னால ஒரு வரியாச் சொல்லிட்டு விட்டுருவேன். பரீட்சையில வராது பாத்துக்கிடுங்க.

இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னு கேக்கீங்க. இருங்க, வாறேன்.

செழியன் என் வகுப்புலதான் படிச்சான். நெடுஞ்செழியன்னு பாண்டிய ராசா பேரை வெச்சேன். ஒரே பிள்ளை. ஆறாம் வகுப்பு சேந்த முதல் நாள், கையைத் தூக்கி, "அப்பா, ஒண்ணுக்கு"ன்னான். வகுப்பே சிரிச்சுட்டு. நான் சிரிக்கல. வெளிய நிப்பாட்டிட்டேன். "இந்த வாசப்படிக்கு உள்ள அப்பா கிடையாது. சார்தான். எல்லாரும் எனக்கு ஒண்ணு"ன்னு சொன்னேன். சரிதான அண்ணாச்சி? வாத்தியாரு பிள்ளைக்கு ஒரு நியாயம், மத்த பிள்ளைகளுக்கு ஒரு நியாயம்னு பேரு வரக்கூடாதுல்லா. வெயில்ல நின்னான், டவுசர்லயே போயிட்டான். சின்னப் பிள்ளைதான, நடக்கதுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல அவுக அம்மாகிட்ட, "சார் காபி குடிச்சாச்சா"ன்னு கேட்டான். கோமதி விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் விளையாட்டுன்னுதான் நினைச்சேன். மறுநாளும் சார். அதுக்கு மறுநாளும் சார். சோத்துக்கு உக்காந்தா, "சாருக்கு ரசம் ஊத்தும்மா." காய்ச்சல்ல கிடக்கும்போது நெத்தியைத் தொட்டுப் பாத்தேன், கண்ணைத் திறக்காமலே, "ஒண்ணும் இல்ல சார்." மரியாதைக் குறைச்சலான வார்த்தையான்னா இல்ல. ஊரே என்னய அப்படித்தான் கூப்பிடுது. திட்டவும் முடியல, சிரிக்கவும் முடியல. ஒரு தடவை கோமதி, "நீங்க கூப்பிட்டு மடியில உக்கார வெச்சு, அப்பான்னு சொல்லுடான்னா சொல்லிட்டுப் போறான்"ன்னா. நான் எதுக்குக் கெஞ்சணும். தானா வரணும் அந்த வார்த்தை. வரும்னு விட்டுட்டேன்.

பத்தாம் வகுப்புல இந்தப் பாடம் நடத்தி முடிச்சு, எந்திரிச்சுச் சொல்லுன்னு ஒவ்வொருத்தனாக் கேட்டுக்கிட்டு வாறேன். இவன் முறை வந்தது. ஏழு தலைப்பு இருக்கு, ஏழையும் சொல்லணும். இவன் எந்திரிச்சு, "எல்லாரும் அடுத்தவன் முதல்ல இறங்கி வரட்டும்னு நின்னாங்க சார்"ன்னான். அவ்வளவுதான். பிறகு என்னலேன்னேன். "அவ்வளவுதான் சார்." புத்தகத்துல எந்தப் பக்கத்துலயும் அப்படி ஒரு வரி கிடையாது. உக்காருன்னு சொல்லிட்டேன். ஒரு தலைப்பு கூட இல்லாம எப்படி மார்க்குப் போடுதது, நீங்களே சொல்லுங்க.

அவன் படிப்பு அவ்வளவுதான். ஐ.டி.ஐ.யில மோட்டார் மெக்கானிக் சேந்தான். ராஜபாளையத்துல ஒரு பட்டறையில வேலை. கை முழுக்கக் கிரீஸோட எங்க தெருவுல நடந்து வருவான். வேலை சுத்தம்னு அந்த முதலாளியே சொல்லியிருக்காரு. ரெண்டு வருசம் கழிச்சுச் சொந்தமா ஒரு பட்டறை போடணும்னு ஆசை. எங்க வீட்டுக்கு முன்னால மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு காலி இடம் கிடக்கு. ஒரு வேப்ப மரத்தைத் தவிர ஒண்ணும் கிடையாது. அதுல ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கிடட்டுமான்னு கேக்கணும். நேரா என்கிட்ட கேக்கலாம்லா? அவுக அம்மா மூலமாக் கேட்டான். பிறகு அவன் மாமா, என் மச்சினன் ஆவுடையப்பன், கடையநல்லூர்ல இருந்து வந்துட்டான். "அத்தான், இடம் சும்மாதான கிடக்கு, பிள்ளைக்குக் குடுத்தா என்ன"ன்னு. பாத்தீங்களா, கூட்டணி சேந்தாச்சு. மூணு பேரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த உலகப்போர்ல பெல்ஜியம்னு ஒரு நாடு உண்டு அண்ணாச்சி. சின்ன நாடு, நடுநிலை. யாரு வம்புக்கும் போகல. அது வழியாத்தான் ஜெர்மனி பட்டாளம் நடந்து போச்சு. எங்க வீட்டுல நான் பெல்ஜியம்.

குடுக்கக் கூடாதுன்னா நினைச்சேன்? அந்த இடத்தை வேற யாருக்கு வெச்சிருக்கேன். ஒரு நாள் அவனே வந்து நின்னான். குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு. "சார், முன்னால இருக்க இடத்துல ஒரு கொட்டகை போட்டுக்கிடட்டுமா"ன்னான். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். நானும் சொன்னேன், "தாராளமாப் போட்டுக்கோ. ஒரே ஒரு தடவை, அப்பான்னு கேளு, இன்னைக்கே ஆளைக் கூப்பிட்டுப் போட்டுருவோம்." ஒரு வார்த்தைதான அண்ணாச்சி. நாலு எழுத்து கூட இல்ல.

அவன் வாயைத் திறந்தான். நான் பாத்தேன், அவன் உதடு அசைஞ்சது. வரல. வேணும்னே சொல்லலன்னு நான் நினைச்சேன். கோமதி இப்போ சொல்லுதா, அவனுக்கு வரலையாம். வகுப்புக்கு வெளிய நின்ன நாள்ல இருந்து அந்த வார்த்தை தொண்டைக்கு வந்ததும் நின்னுருமாம், அவகிட்டச் சொல்லியிருக்கான். அப்படியும் இருக்குமா? தமிழ்ப் பிள்ளைக்கு அப்பாங்கது வராம இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிட்டான்.

அடுத்த மாசமே ஏஜெண்டு ஒருத்தன் வந்து சேந்தான். வெளிநாட்டுல லாரி ரிப்பேர் பண்ணுத வேலை, குளிரு மட்டும்தான் கொஞ்சம் ஜாஸ்தின்னு. அவன் நீட்டின பேப்பர் நமக்குப் புரியாத எழுத்துல இருந்தது. இவன் கையெழுத்துப் போட்டுட்டான். எங்க ஊர்ல வேலை இல்லன்னுதான போனான், அப்போ அது பொருளாதாரக் காரணம். நாளைக்கு யாரும் என்னயக் கேட்டா இதைத்தான் சொல்லுவேன். அப்புறம் ஏஜெண்டு. அப்புறம் அவுக அம்மா குடுத்த செல்லம், மாமன்காரன் தூண்டுதல். வரிசையாச் சொல்ல முடியும் என்னால.

கிளம்புத அன்னைக்கு நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். வாசல்ல நின்னு, "போயிட்டு வாறேன் சார்"ன்னான். நான் தலையை ஆட்டினேன். நல்லா ஞாபகம் இருக்கு, ஆட்டினேன். கோமதி, ஆட்டலைங்கா. பேப்பருக்குப் பின்னால ஆட்டினா யாருக்குத் தெரியும்ங்கா.

அவன் போன ரெண்டாவது மாசம் அங்க சண்டை பெரிசாயிட்டு. டி.வி.யில மூணாவது உலகப்போர் வந்துருமோன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. இவனை லாரிப் பட்டறைன்னு கூட்டிட்டுப் போய் பட்டாளத்து வண்டியைப் பாக்க வெச்சிருக்கானுக. ஊருக்குப் போறேன்னு கேட்டா, விட முடியாது, நீ போட்ட கையெழுத்து அப்படின்னுட்டானுக. நாள் ஆக ஆக, வண்டி எங்க நின்னுபோகுதோ அங்க போய் ரிப்பேர் பண்ணுன்னு முன்னால அனுப்ப ஆரம்பிச்சுட்டானுக. மனு எழுதினேன், கலெக்டரைப் பாத்தேன், என்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் டெல்லியில இருக்கான், அவனையும் பிடிச்சேன். ஒண்ணும் நடக்கல. அதுல நான் ஒரு குறையும் வைக்கல அண்ணாச்சி.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் வரும். கோமதிதான் பேசுவா. போனை என் பக்கம் நீட்டுவா. நான் வாங்க மாட்டேன். அவனா என்னயக் கேக்கட்டும்னு இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டுட்டான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, எனக்கே கேட்டது, "சார் இருக்காங்களா?" மறுபடியும் சார். வெடிச் சத்தத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு அப்பவும் சார்தான்னா எனக்கு எப்படி இருக்கும். இல்லன்னு சொல்லுன்னு கையைக் காட்டினேன். கோமதி என்னயப் பாத்துக்கிட்டே, "வெளிய போயிருக்காங்கய்யா"ன்னா. அந்த நேரம் பாத்து எனக்கு இருமல் வந்துட்டு. அடக்கிப் பாத்தேன், முடியல. அது அந்தப் பக்கம் கேக்காம இருந்திருக்காது. அப்புறம் சொல்லுதான், "சரிம்மா. சார்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும், பிறகு கேட்டுக்கிடுதேன்."

என்ன சந்தேகமாம்னு அவ கேட்டா. "இங்க இருக்க ஒருத்தனுக்கும் இந்தச் சண்டை எதுக்கு நடக்குன்னு தெரியலம்மா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்காங்க, ஒரே மாதிரிதான் அழுதாங்க. நான் சொன்னேன், எங்க சாருக்குத் தெரியும், அவங்க காரணத்தை வரிசையா நடத்துவாங்க, கேட்டுச் சொல்லுதேன்னு." இப்படிச் சொன்னான் அண்ணாச்சி. எங்க சாருன்னான்.

அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. மறுநாள்ல இருந்து நூலகத்துல போய் உக்காந்தேன். பேப்பர் பேப்பராப் படிச்சேன். பழைய பாடம் இதுக்குப் பத்தாது. எரிவாயு எந்தக் குழாய் வழியாப் போகுது, கோதுமை எந்தத் துறைமுகத்துல ஏறுது, எவன் எவனுக்கு ஆயுதம் விக்கான், அம்பது வருசத்துக்கு முன்னால யாரு யாருக்கு என்ன வாக்குக் குடுத்தா, எல்லாம் படிச்சேன். அரசியல் காரணங்கள் தனியா, பொருளாதாரக் காரணங்கள் தனியா. அவனுக்குப் புரியுத மாதிரி, அவன் பக்கத்துல நிக்க பையன்களுக்குச் சொல்லுத மாதிரி, சுருக்கமா. வாய்க்குள்ளயே நடத்திப் பாத்தேன். என் வாழ்க்கையிலயே அவ்வளவு நல்லா ஒரு பாடத்தை நான் தயார் பண்ணினது இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில இருந்து போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சாப்பிடக் கூட எந்திரிக்கல.

வரல. அதுக்கு அடுத்த வாரமும் வரல. பிறகு வரவே இல்ல.

ஒண்ணு மட்டும் பிடிபடல எனக்கு. அவன் போனதுக்கான எல்லாக் காரணத்தையும் எழுதிட்டேன், உடனடிக் காரணம் எதுன்னு தெரியல. ஏஜெண்டா, அந்தக் கையெழுத்தா, அந்தத் தகரக் கொட்டகையா. கொட்டகைன்னு எனக்குத் தோணல. அதைக் குடுத்திருந்தாலும் வேற ஒண்ணு வந்திருக்கும். நேத்து ராத்திரி கோமதிகிட்டக் கேட்டேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. அதுல இருந்து என்கிட்டப் பேச்சே இல்ல. அவளுக்கு என்ன கோபம்னு எனக்கு விளங்கல.

என்ன கேட்டீங்க? நானாவது அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாமேன்னா?

நானா? நான் எப்படி அண்ணாச்சி முதல்ல கூப்பிட முடியும். நான் அப்பால்லா.

திருமங்கலம் தாண்டிட்டு போலயே. கொஞ்சம் அந்தச் சன்னலைத் திறங்க. கண்ணுல தூசி விழுந்துட்டு, வேற ஒண்ணும் இல்ல. நான் கோயில் குளம்னு போற ஆள் கிடையாது. இன்னைக்குப் பஸ் ஏறினதுல இருந்து ஒண்ணே ஒண்ணைத்தான் வேண்டிக்கிட்டு வாறேன். அந்த ரத்தத்தை மிஷின்ல வெச்சுப் பாத்துட்டு, இந்த ஆளு இவனுக்கு அப்பா இல்லன்னு சொல்லிடணும். கெட்டியா, சீல் வெச்சு, அப்பா இல்லன்னு எழுதிக் குடுத்துடணும். அவன் அங்க எங்கயாவது உயிரோட இருந்துக்கிட்டு, காலம் பூரா என்னய சார்னே கூப்பிடட்டும்.